மூலமும் பட்டறையும்

புரோகிராம்களின் மூலவரிகளை எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும் என்பது பற்றி நாற்பது வருஷங்களாக நிறையப் பேசியாயிற்று. தர்மமாகப் பேசினார்கள்; அரசியலாகப் பேசினார்கள்; சிலர் ஒரு மதத்துக்குரிய ஆவேசத்தோடும் பேசினார்கள். பேச்சு முழுவதும் மூலத்தைச் சுற்றியே இருந்தது. அந்த மூலத்தை எடுத்து, ஓடுகிற ஒரு பொருளாக ஆக்குவதற்கு வேண்டிய பட்டறையைப் பற்றி அக்கறையோடு பேசியவர்கள் குறைவு. பட்டறை கவர்ச்சியில்லாத விஷயம். கரியும் புகையும் கொண்டது. ஆனால் சரித்திரத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், 'திறந்த மூலம்' என்று இன்று நாம் அழைப்பதன் கதையில் முக்கால் பங்கு பட்டறையின் கதையாகவே இருக்கிறது. மூலத்தைக் கொடுத்துப் பட்டறையைக் கொடுக்காமல் விட்ட இடங்களில் சுதந்திரம் காகிதத்தோடு நின்று போயிருக்கிறது. பட்டறை கைக்கு வந்த இடங்களில், யாரும் எதிர்பாராத காரியங்கள் நடந்திருக்கின்றன.

பட்டறை என்று நான் சொல்வது எதை என்று முதலில் சொல்லிவிட வேண்டும். மனிதன் எழுதும் புரோகிராம் ஒரு பிரதி. யந்திரம் அதை அப்படியே படிக்காது. அதை யந்திரத்தின் எண்களாக மாற்ற ஒரு கம்பைலர் வேண்டும். மாற்றிய துண்டுகளை ஒன்றாகக் கோர்க்க ஒரு லிங்கர் வேண்டும். வேறு யாரோ முன்பே எழுதி வைத்த லைப்ரரிகள், அதுவும் சரியான பதிப்பில், வேண்டும். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று சொல்லும் கட்டளைத் தாள் வேண்டும். எழுதித் திருத்த ஓர் எடிட்டர் வேண்டும். இவ்வளவும் ஒருவனுடைய மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டரில், ஒன்றோடொன்று சண்டையிடாமல், வந்து உட்கார வேண்டும். அதற்குப் பிறகுதான் முதல் வரியைத் திருத்துவது பற்றி அவன் யோசிக்கவே முடியும்.

ஈய எழுத்துக் காலத்தில் சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் பிரதி கையில் இருந்துவிட்டால் பத்திரிகை வந்துவிடாது. அச்சுக் கோர்ப்பவரின் கேஸில் ஓர் எழுத்து தீர்ந்து போனால் அந்தப் பக்கம் மறுநாளைக்குத் தள்ளிப் போகும். எழுத்தின் தலைவிதியை எழுத்தாளன் மட்டும் நிர்ணயிப்பதில்லை என்ற கசப்பான ஞானம் அங்கே கிடைத்தது. புரோகிராம் எழுதுகிறவனுக்கும் அதே ஞானம் வேறு வழியில் வந்து சேர்கிறது.

1

1969ல் பெல் லாபரட்டரியில் கென் தாம்ஸன் யூனிக்ஸின் முதல் வடிவத்தை எழுதத் தொடங்கியபோது அவருக்குக் கிடைத்தது யாரும் அதிகம் பயன்படுத்தாத ஒரு பிடிபி-7 யந்திரம். அதில் அவருக்கு வேண்டிய பட்டறை கிடையாது. ஆகவே புரோகிராமை வேறொரு பெரிய ஜெனரல் எலெக்ட்ரிக் யந்திரத்தில் எழுதி, அங்கேயே பிடிபி-7க்குரிய எண்களாக மாற்றி, காகித நாடாவில் துளையிட்டு, அந்த நாடாவைக் கையில் எடுத்து வந்து சின்ன யந்திரத்துக்கு ஊட்டினார். பிடிபி-7க்கென்று ஓர் அஸெம்ப்ளர் அதிலேயே ஓடத் தொடங்கிய பிறகுதான் அந்த அமைப்பு தன்னைத் தானே தாங்கிக்கொண்டது. டென்னிஸ் ரிட்சி இதைப் பின்னால் எழுதி வைத்திருக்கிறார். சின்ன விவரம்தான். ஆனால் பின்னால் வந்த ஒவ்வொரு கதையின் உருவமும் இதில் இருக்கிறது. எந்தப் புதிய பட்டறையும் இன்னொருவருடைய பட்டறையில்தான் பிறக்கிறது. தொப்புள்கொடியை எப்போது, எப்படி அறுப்பது என்பதுதான் பிரச்னை.

1973ல் யூனிக்ஸ் ஸி பாஷையில் திரும்ப எழுதப்பட்டது. பெல் லாபரட்டரியின் சொந்தக்காரரான ஏ.டி. அண்டு டி. கம்பெனி, அமெரிக்க அரசோடு 1956ல் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தால் டெலிபோனுக்கு அப்பால் வியாபாரம் செய்ய முடியாமல் கட்டுப்பட்டிருந்தது. எனவே யூனிக்ஸை ஒரு சரக்காக விற்க அதற்கு வழியில்லை. சர்வகலாசாலைகளுக்குச் சொற்ப விலையில் நாடாவில் பதிவு செய்து கொடுத்தது. அந்த நாடாவில் மூலவரிகள் இருந்தன என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கூடவே ஸி கம்பைலர் இருந்தது, அஸெம்ப்ளர் இருந்தது, எடிட்டர் இருந்தது என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. நாடாவை ஏற்றியவன் அந்த அமைப்புக்குள் உட்கார்ந்துகொண்டே அதே அமைப்பைத் திருத்தி, மறுபடி கட்டி, ஓட்டிப் பார்க்கலாம். பெர்க்லியில் மாணவர்கள் கூடி ஒரு தனி யூனிக்ஸையே உண்டாக்க முடிந்ததற்கு இதுதான் ஆதாரம்.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் சர்வகலாசாலையில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கெர்னல் மூலவரிகளையும் அதற்குத் தன் உரையையும் 1977ல் மாணவர்களுக்காகப் புத்தகமாக்கினார். ஒரு பிரதிக்கு வரிக்கு வரி உரை எழுதுவது நமக்குப் புதிதில்லை. யந்திரத்துக்கான பிரதிக்கு அப்படி எழுதலாம் என்று காட்டியது புதிது. 1979ல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமப் பத்திரம் மூலத்தை வகுப்பில் பாடமாக நடத்துவதைத் தடை செய்துவிட்டது. லயன்ஸின் உரை அதன்பின் நகலுக்கு நகலாக, எழுத்து மங்கிய ஜெராக்ஸ் பிரதிகளாக, கைமாறிக் கைமாறி உலகம் சுற்றியது. 1996ல்தான் அது சட்டப்படி அச்சாகி வெளிவந்தது. இந்தப் பத்தொன்பது வருஷங்களை நினைத்துப் பார்க்கச் சிறுபத்திரிகை வாசகனுக்குக் கஷ்டமிராது.

அதே பெல் லாபரட்டரியில் 1976ல் இன்னொரு சின்ன காரியம் நடந்தது. ஒரு நண்பர் தன் புரோகிராமில் பிழையைத் தேடிக் காலைப்பொழுது முழுவதையும் வீணாக்கியிருந்தார். பிழை முன்பே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய மறந்திருந்தார், அவ்வளவுதான். இதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ஒரு வாரக் கடைசியில் உட்கார்ந்து 'மேக்' என்ற கருவியை எழுதினார். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டால், மாறியதை மட்டும் பார்த்து மறுபடி கட்டும் பொறுப்பை யந்திரமே எடுத்துக்கொள்ளும். அதுவரை பட்டறை வேலை கைகளின் ஞாபகத்தில் இருந்தது. மேக் வந்தபின் அது எழுத்துக்கு வந்தது. வாய்மொழி மரபு ஏட்டில் ஏறியதற்குச் சமானமான மாற்றம் இது.

அந்தத் தாளில் ஒரு விதி உண்டு. கட்டளை வரி டேப் என்ற இடைவெளிக் குறியோடுதான் தொடங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத குறி. சாதாரண இடைவெளிகளை வைத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும். இது தவறு என்று ஃபெல்ட்மனுக்குச் சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. அதற்குள் ஒரு டஜன் பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று விட்டுவிட்டார். அந்த ஒரு டஜன் பேருக்குக் காட்டிய தாட்சண்யத்துக்கு இன்றுவரை உலகம் பூராவும் புதிதாகப் பட்டறை போடுகிறவர்கள் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சம்பிரதாயம் எப்படி உண்டாகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

2

1983 செப்டம்பர் 27ந் தேதி ரிச்சர்ட் ஸ்டால்மன் 'க்னூ' என்ற திட்டத்தை அறிவித்தார். யூனிக்ஸைப் போன்ற, ஆனால் யாரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஓர் அமைப்பை எழுதப் போவதாகச் சொன்னார். 1984 ஜனவரியில் எம்.ஐ.டி. வேலையை விட்டார். ஸ்டால்மனின் தர்க்கங்களை, பிடிவாதங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர் எந்த வரிசையில் வேலை செய்தார் என்பதில்தான் எனக்கு அக்கறை. அவர் ஆபரேட்டிங் ஸிஸ்டத்தின் மையமான கெர்னலிலிருந்து தொடங்கவில்லை. கம்பைலர், எடிட்டர் என்று பட்டறையிலிருந்து தொடங்கினார்.

முதலில் கம்பைலர் ஒன்றை இரவல் வாங்கப் பார்த்தார். ஆம்ஸ்டர்டாமின் ஃப்ரீ யுனிவர்ஸிடியில் ஒரு கம்பைலர் தொகுதி இருந்தது. அதைப் பயன்படுத்தலாமா என்று கேட்டதற்கு, சர்வகலாசாலைதான் ஃப்ரீ, கம்பைலர் அப்படியில்லை என்று ஏளனமாகப் பதில் வந்ததாக அவர் எழுதியிருக்கிறார். அடுத்து லிவர்மோர் லாபரட்டரியில் எழுதப்பட்ட ஒரு கம்பைலரை எடுத்துப் பார்த்தார். அது முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஒரே மரமாக விரித்து வைத்துக்கொண்டு வேலை செய்வது. பல மெகாபைட் இடம் கேட்டது. கைவசம் இருந்த 68000 யூனிக்ஸ் யந்திரம் கொடுத்தது 64 கிலோபைட். கடைசியில் புதிதாகவே எழுதுவது என்று முடிவாயிற்று. இதற்கு நடுவில் எடிட்டர் தயாராகிவிட்டது. 1985ல் ஈமாக்ஸ் உபயோகத்துக்கு வந்தது. நெட்வொர்க் வசதி இல்லாதவர்களுக்கு நாடாவில் பதிந்து 150 டாலருக்கு அனுப்பினார். அதுதான் அவருக்கு அப்போதைய ஜீவனம். 1987 மார்ச்சில் ஜி.ஸி.ஸி. கம்பைலர் வெளிவந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு தார்மீகச் சங்கடம் இருக்கிறது. சொந்தக்காரன் பூட்டி வைத்த யூனிக்ஸுக்கு மாற்று எழுதப் புறப்பட்டவர், அதே பூட்டிய யூனிக்ஸ் யந்திரத்தில் உட்கார்ந்துதான் எழுத வேண்டியிருந்தது. வேறு பட்டறை உலகத்தில் இல்லை. அதற்கு மாற்று எழுதுவதற்காக மட்டும் அதைப் பயன்படுத்துவது நியாயம் என்று ஸ்டால்மன் தனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். மாற்று வந்ததும் பழையதைத் தூக்கியெறிவது என்பது அந்தச் சமாதானத்தின் இரண்டாம் பாதி. இதைச் சந்தர்ப்பவாதம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிர்க்கிற பாஷையிலேயே எதிர்ப்பை எழுத வேண்டியிருப்பது எழுதுகிறவன் எவனுக்கும் நேர்வதுதான்.

பட்டறையை முதலில் எழுதியதன் விவேகம் சில வருஷங்களில் தெரிந்தது. சன் கம்பெனி தன் ஸோலாரிஸ் 2ல் ஸி கம்பைலரை அமைப்போடு சேர்த்துக் கொடுப்பதை நிறுத்தி, தனி விலை வைத்தது. அதுவரை ஸ்டால்மனின் தர்க்கங்களைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்கள்கூட ஜி.ஸி.ஸி.யை ஏற்றத் தொடங்கினார்கள். தர்மோபதேசம் செய்ய முடியாததை ஒரு விலைப்பட்டியல் செய்தது.

3

1991 ஆகஸ்டில் ஹெல்ஸிங்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தான் ஒரு கெர்னல் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தபோது, ஜி.ஸி.ஸி. அங்கே தயாராகக் காத்திருந்தது. அவருடைய மேஜையில் இருந்தது 386 யந்திரம். அதில் ஓடியது ஆண்ட்ரூ டானன்பாம் பாடம் நடத்துவதற்காக எழுதிய மினிக்ஸ். லினக்ஸின் முதல் பதிப்புகளை மினிக்ஸ் இல்லாமல் கட்ட முடியாது. மறுபடியும் இரவல் பட்டறை. அந்த வருஷக் கடைசியில் வந்த 0.11 பதிப்பில்தான் லினக்ஸ் தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்தது. மோடத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டளையைத் தவறுதலாக ஹார்டு டிஸ்குக்கு அனுப்பி மினிக்ஸ் இருந்த பகுதியை அழித்துவிட்டதாகவும், அதைத் திரும்பப் போடுவதைவிட லினக்ஸையே முழுதாக்கிவிடலாம் என்று நினைத்ததாகவும் டோர்வால்ட்ஸ் பின்னால் எழுதினார். தொப்புள்கொடி சில சமயம் கை தவறியும் அறுபடும்.

அதே 1991ல் டேவிட் மெக்கன்ஸி 'ஆட்டோகான்ஃப்' என்ற கருவியை எழுதத் தொடங்கினார். அன்று யூனிக்ஸ் ஒரு பெயரில் இருபது ஜாதியாகப் பிரிந்து கிடந்தது. ஒன்றில் இருக்கும் லைப்ரரி இன்னொன்றில் இராது. இருந்தாலும் வேறு பெயரில் இருக்கும். லாரி வால் எண்பதுகளிலேயே இதற்கு ஒரு வழி காட்டியிருந்தார்: புரோகிராமோடு கூடவே ஒரு சிறு ஸ்கிரிப்டை அனுப்புவது, அது போய் இறங்கிய இடத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, அதற்கேற்பக் கட்டளைத் தாளைத் தயாரித்துக்கொள்ளும். மெக்கன்ஸி அந்த ஸ்கிரிப்டையே யந்திரம் எழுதும்படி செய்தார். எம்4 என்ற பழைய மாக்ரோ பாஷையில் சில வரிகள் எழுதினால் ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஸ்கிரிப்ட் வந்து விழும். புரோகிராமை வாங்குகிறவனிடம் ஆட்டோகான்ஃப் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே விழுந்த ஸ்கிரிப்டையே மூலத்தோடு கட்டி அனுப்புவது வழக்கமாயிற்று.

வாங்குகிறவன் மேல் காட்டிய கரிசனம் இது. ஆனால் இதன் மூலம் மூலவரிகள் என்ற பெயரில், மனிதன் எழுதாத, மனிதன் படிக்காத பெரிய ஒரு பிரதி உள்ளே நுழைந்துவிட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் இதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

4

இதுவரை சொன்னது யூனிக்ஸ் உலகத்தின் கதை. சாதாரண மனிதனின் மேஜைக்கு வந்த கம்ப்யூட்டரின் கதை வேறு. 1981ல் வந்த ஐ.பி.எம். பெர்ஸனல் கம்ப்யூட்டரை டிஸ்க் எதுவும் போடாமல் இயக்கினால் திரையில் பேஸிக் பாஷை வந்து நிற்கும். எழுது என்று அழைக்கும். விண்டோஸ் பரவிய பிறகு அந்த அழைப்பு நின்றுவிட்டது. யந்திரம் வாங்கினவனுக்கு அதனோடு கம்பைலர் வரவில்லை. எழுதுகிறவன் ஒரு ஜாதி, உபயோகிக்கிறவன் ஒரு ஜாதி என்று பிரிந்தது. அந்தப் பிரிவு இயற்கையானது என்று இப்போது தோன்றும் அளவுக்கு அது பழகிவிட்டது. 1995ல் ஸிக்னஸ் கம்பெனியின் ஸ்டீவ் சேம்பர்லின் தொடங்கிய ஸிக்வின், விண்டோஸுக்குள்ளேயே யூனிக்ஸ் பட்டறை ஒன்றைக் கொண்டுவந்து இறக்கியது. ஜி.ஸி.ஸி.யும் மேக்கும் அந்நிய மண்ணில் வேலை செய்தன.

1998 மார்ச் 31ந் தேதி நெட்ஸ்கேப் கம்பெனி தன் பிரௌஸரின் மூலவரிகளை வெளியிட்டது. பெரிய கம்பெனி ஒன்று தன் முக்கியமான சரக்கைத் திறந்து வைத்த முதல் சந்தர்ப்பங்களில் ஒன்று என்று இதைக் கொண்டாடினார்கள். 'திறந்த மூலம்' என்ற சொல்லே அந்த வருஷம் பிப்ரவரியில்தான் பிறந்திருந்தது. ஆனால் மூலத்தை எடுத்துத் தன் மேஜையில் கட்டப் பார்த்தவன் என்ன கண்டான்? பிறரிடம் உரிமம் வாங்கிப் போட்டிருந்த பகுதிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். ரகசியக் குறியீட்டுப் பகுதியை அமெரிக்க ஏற்றுமதிச் சட்டம் அனுமதிக்காததால் அதையும் எடுத்துவிட்டிருந்தார்கள். (அதை ஆஸ்திரேலியாவில் ஒரு குழு உடனேயே எழுதிச் சேர்த்தது வேறு கதை.) லினக்ஸில் கட்ட வேண்டுமானால் மோடிஃப் என்ற லைப்ரரி வேண்டும், அதை விலை கொடுத்து வாங்க வேண்டும். கதவு திறந்திருந்தது, படி இல்லை. ஒரு வருஷம் கழித்து அந்தத் திட்டத்தை விட்டு விலகிய ஜேமி ஸவின்ஸ்கி, மக்கள் உண்மையில் உபயோகித்துக்கொண்டிருந்த பிரௌஸரின் மூலத்தைத் தாங்கள் கொடுக்கவேயில்லை என்று பகிரங்கமாக எழுதினார். பழைய மூலத்தின் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டுப் புதிதாக எழுதி, மொஸில்லா 1.0 வெளிவர 2002 ஜூன் ஆயிற்று.

அடுத்த உதாரணம் ஆபீஸ் வேலைக்கான ஸாஃப்ட்வேர். ஹாம்பர்கில் எழுதப்பட்ட ஸ்டார்ஆபீஸை 1999ல் சன் வாங்கி, 2000 அக்டோபரில் ஓப்பன்ஆபீஸ் என்ற பெயரில் மூலத்தைத் திறந்தது. மூலம் மலைபோல் இருந்தது. அதைக் கட்டும் முறை அந்த ஆபீஸுக்குள்ளேயே வளர்ந்த, வெளியில் எங்கும் இல்லாத ஒரு தனி முறை. மூலத்தின் குறிப்புகளில் பெரும்பகுதி ஜெர்மன் பாஷையில் இருந்தது. கட்டி முடிக்கப் பல மணி நேரம். நடுவில் நின்றால் ஏன் நின்றது என்று கேட்க ஆள் வேண்டும். லினக்ஸ்காரர்கள் சிலர் இதைக் கட்டுவதற்கும் ஒட்டுப் போடுவதற்கும் வெளியே ஒரு தனி ஏற்பாடு செய்துகொண்டார்கள். அந்த ஏற்பாடு தானே ஒரு கிளையாக வளர்ந்தது. 2010 செப்டம்பரில் லிப்ரேஆபீஸ் பிரிந்தபோது அந்தக் கிளை அதில் கலந்தது.

லிப்ரேஆபீஸ்காரர்கள் செய்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். புதிய வசதிகளை எழுதியதோடு நிற்காமல், பட்டறையைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்கள். கட்டும் முறையைக் க்னூ மேக்குக்கு மாற்றினார்கள். ஜெர்மன் குறிப்புகளை வருஷக்கணக்கில் மொழிபெயர்த்தார்கள். புதிதாக வருகிறவன் ஒரு நாளில் செய்யக்கூடிய சின்னச் சின்ன வேலைகளைப் பட்டியலிட்டு வாசலில் வைத்தார்கள்.  மாறியது வாசற்படி. ஆட்கள் வந்தார்கள்.

நம் பக்கத்து விஷயம் ஒன்றையும் இங்கே சொல்லலாம். கொம்பும் காலும் இரண்டு பக்கமும் நிற்க வேண்டிய 'கொ' என்ற எழுத்து ஒரு திரையில் சிதறித் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மூலம் திறந்திருக்கிறது, திருத்த உரிமை இருக்கிறது, எது தவறு என்பது நமக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் திருத்திய வரியைக் கட்டிப் பார்க்கும் பட்டறை நம் மேஜையில் இல்லையென்றால், நாம் செய்யக்கூடியது விண்ணப்பம் எழுதுவதுதான். உரிமை உள்ளவனும் விண்ணப்பதாரனாகவே நிற்கிறான். நானும் ஒரு முறை இப்படி ஒரு சின்னத் திருத்தத்துக்காக இரண்டு இரவு உட்கார்ந்தேன். முதல் இரவு முழுதும் 'கிடைக்கவில்லை' என்ற செய்தியோடு போயிற்று. ஒன்றைக் கொண்டுவந்தால் அது இன்னொன்றைக் கேட்டது. இரண்டாம் இரவில் திருத்த வேண்டிய வரியைத் திருத்தக் கால் மணி நேரம் ஆயிற்று.

5

சட்டம் இந்தப் பிரச்னையை அறியாமல் இல்லை. 1991ல் வந்த க்னூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, முழுமையான மூலம் என்றால் என்ன என்று சொல்லும்போது, கம்பைல் செய்வதையும் நிறுவுவதையும் நடத்தும் ஸ்கிரிப்டுகளும் அதில் அடக்கம் என்கிறது. பட்டறையின் ஒரு பகுதியை மூலம் என்ற சொல்லின் அர்த்தத்துக்குள்ளேயே இழுத்துக்கொண்டது அந்த வாக்கியம். அடுத்த வாக்கியத்திலேயே ஒரு விலக்கும் வருகிறது: ஆபரேட்டிங் ஸிஸ்டத்தோடு வழக்கமாக வரும் கம்பைலர் போன்றவற்றைக் கொடுக்க வேண்டியதில்லை. நியாயமான விலக்குதான். ஆனால் அது, அந்தக் கம்பைலர் ஏற்கெனவே உன்னிடம் இருக்கிறது என்று அனுமானிக்கிறது.

பின்பு இன்னொரு கட்டம் வந்தது. டிவோ என்ற டெலிவிஷன் பதிவுப் பெட்டிக்குள் லினக்ஸ் ஓடியது. கம்பெனி சட்டப்படி மூலத்தைக் கொடுத்தது. திருத்திக் கட்டவும் முடிந்தது. கட்டியதை அந்தப் பெட்டிக்குள் போட்டால் பெட்டி அதை ஓட்ட மறுத்தது. தன் எஜமானனின் முத்திரை இல்லாத எதையும் அது ஏற்காது. 2007 ஜூனில் வந்த உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, வீட்டு உபயோகப் பொருள்களில் திருத்திய புரோகிராமை நிறுவுவதற்கான விவரங்களையும் கொடுக்க வேண்டும் என்று எழுதியது இதனால்தான். டோர்வால்ட்ஸ் அதை ஏற்கவில்லை. லினக்ஸ் கெர்னல் இரண்டாம் பதிப்பிலேயே நிற்கிறது. மூலம், பட்டறை, அதன் பிறகு வைத்து ஓட்ட ஓர் இடம் என்று சுதந்திரத்தின் எல்லை ஒவ்வொரு தடவையும் ஓர் அடி தள்ளிப் போயிருக்கிறது.

6

எல்லாம் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பட்டறையை நம்பலாமா?

கென் தாம்ஸன் 1984ல் அச்சான தன் ட்யூரிங் பரிசு உரையில் இதைத்தான் கேட்டார். ஸி கம்பைலரும் ஸி பாஷையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கட்ட முந்தைய ஸி கம்பைலர் வேண்டும். அந்த முந்தைய கம்பைலரில் ஒருவன் ஒரு வஞ்சனையை வைத்தால், அடுத்து கட்டப்படும் கம்பைலருக்குள் அது தானே போய் உட்காரும்படி செய்யலாம். பிறகு மூலவரிகளிலிருந்து அதை அழித்துவிடலாம். மூலத்தை எவ்வளவு படித்தாலும் வஞ்சனை தெரியாது. ஆனால் பரம்பரை பரம்பரையாக அது வந்துகொண்டேயிருக்கும். யூனிக்ஸை எழுதியவரே சொன்ன இந்தக் கதையை ஒரு தத்துவப் புதிராக ரசித்துவிட்டு, பெரும்பாலோர் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

நாற்பது வருஷம் கழித்து, 2024 மார்ச் 29ந் தேதி, ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்ற புரோகிராமர் ஒரு விஷயத்தை வெளியிட்டார். தன் யந்திரத்தில் எஸ்.எஸ்.ஹெச். வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாவதைக் கவனித்துத் துருவியதில், எக்ஸ்.ஸெட். என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ள வாசல் இருப்பதைக் கண்டார். இரண்டு வருஷங்களுக்கு மேலாக நல்ல உதவியாளராகப் பழகி, களைத்துப் போயிருந்த ஒற்றை ஆளிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்ட, யார் என்று இன்றும் தெரியாத ஒரு பெயர் அதை வைத்திருந்தது.

அது எங்கே இருந்தது என்பதுதான் நம் விஷயம். எல்லோரும் படிக்கும் மூலவரிகளில் அது தெரியவில்லை. சோதனைக்கான கோப்புகள் என்ற பெயரில் இரண்டு கோப்புகளுக்குள் விஷம் இருந்தது. அதைக் கிளறி எழுப்பும் வரிகள், வெளியீட்டுக் கட்டில் மட்டும் சேர்க்கப்பட்ட ஓர் எம்4 கோப்பில் இருந்தன. 1991லிருந்து வந்த வழக்கப்படி அந்தக் கட்டில் யந்திரம் எழுதிய ஸ்கிரிப்டுகள் கூடுதலாக இருக்கும் என்பதால், மூலத்துக்கும் கட்டுக்கும் வித்தியாசம் இருப்பதை யாரும் சந்தேகிக்கவில்லை. இன்னும் ஒன்று: டெபியன் முறையிலோ ஆர்.பி.எம். முறையிலோ பொட்டலம் கட்டும் பட்டறையில்தான் அது விழிக்கும். தனி ஆள் தன் மேஜையில் கட்டினால் தூங்கிக்கொண்டிருக்கும். எழுதியவனுக்குப் பட்டறையின் சரித்திரம் நன்றாகத் தெரிந்திருந்தது. நாம் படிக்காத இடம் எது என்று அவன் நம்மைப் படித்து வைத்திருந்தான்.

இதற்கு எதிரான வேலையும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. 2013 முதல் டெபியன்காரர்கள், ஒரே மூலத்தை யார் எங்கே கட்டினாலும் கடைசி பைட் வரை ஒரே விளைவு வர வேண்டும் என்று உழைத்து வருகிறார்கள். கட்டிய நேரம், கோப்பு இருந்த இடம் என்று சின்னச் சின்ன தடயங்கள் விளைவுக்குள் புகுந்துவிடுவதை ஒவ்வொன்றாகக் களைகிறார்கள். இரண்டு பட்டறைகளின் விளைவை ஒப்பிட்டால் பொய் சொல்லும் பட்டறை வெளிப்படும். க்னூ கைக்ஸ் திட்டக்காரர்கள் வேறொரு திசையில் போனார்கள். 2023ல் அவர்கள் 357 பைட்டே கொண்ட ஒரு விதையிலிருந்து தொடங்கி, படிப்படியாகச் சின்ன அஸெம்ப்ளர்கள், சின்னக் கம்பைலர்கள், பழைய ஜி.ஸி.ஸி. பதிப்புகள் வழியாக ஏறி, இன்றைய பட்டறை முழுவதையும் கட்டிக் காட்டினார்கள். 357 பைட்டை ஒரு மனிதன் ஒரே இருப்பில் உட்கார்ந்து வாசித்துவிடலாம். கட்டும்போது கீழே ஓடும் கெர்னலை அப்போதும் நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது. ஆனாலும் தாம்ஸனின் காகித நாடா தொடங்கி இரவலாகவே வந்த ஒரு பரம்பரையில், வேரைக் கையால் தொட்டுப் பார்த்தது பெரிய காரியம்.

இந்தப் பக்கம் இது நடக்க, அந்தப் பக்கம் பட்டறையை ஆயத்தப் பெட்டியாக விநியோகிக்கும் வழக்கம் 2013ல் டாக்கர் வந்ததிலிருந்து வேகமாகப் பரவியிருக்கிறது. பெட்டியை இறக்கினால் போதும். எல்லாம் உள்ளே தயார். என் இரண்டு இரவுகளை அது மிச்சப்படுத்தியிருக்கும். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பெட்டியை யார் கட்டினார்கள், எதைக் கொண்டு கட்டினார்கள், பெட்டி கிடைக்காமல் போகும் நாளில் அதை மறுபடி கட்டத் தெரிந்தவர் யார் என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாதபோது, திறந்த மூலத்தை மூடிய பெட்டிக்குள் வைத்துத் தருகிறோம் என்றுதான் ஆகிறது.

பட்டறை என்பது கருவிகளின் தொகுப்பு மட்டுமில்லை. ஒருவர் இன்னொருவருக்குக் காட்டிக் கொடுத்து நிலைக்கிற பழக்கம் அது. மேக்கின் தாளில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவன் சொல்லித்தான் தெரிந்துகொள்ள முடியும். எக்ஸ்.ஸெட்டில் களைத்துப் போனவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. வந்து உட்கார்ந்தவன் வேறு காரியமாக வந்தவன். மூலத்தைத் திறந்து வைத்தாயிற்று என்று நாம் திருப்திப்பட்டுக்கொண்ட வருஷங்களில், அந்தப் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது.